பரையா என்று எழுதினால் போதுமா?

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். நீ மொழிபெயர்த்து அனுப்பிய கட்டுரையைப் படித்து முடித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் என் பென்சில் நின்றுவிட்டது. உலகம் உறவை முறித்துக்கொண்ட ஓர் அரசைச் சொல்ல, 'பரையா நாடு' (pariah state) என்று இடையின ரகரம் போட்டு எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் கேட்டதற்கு, "அது ஆங்கிலச் சொல்தானே, ஐயா" என்றாய்.

ஆங்கிலச் சொல்தான், ஆனால் அது நம்மிடமிருந்து போனது. பறை என்னும் கருவியின் பெயரால் வந்த பறையர் என்ற சொல், 1613-லேயே ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கிறது. 'துடியன் பாணன் பறையன் கடம்பன்' என்னும் இந்நான்கைத் தவிர வேறு குடி இல்லை என்று மாங்குடி கிழார் புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் பெருமையோடு எண்ணிய குடிகளுள் ஒன்றின் பெயர், கப்பலேறியபின் ஊரால் விலக்கப்பட்ட எவருக்கும் பொதுவான வசைச்சொல்லாகிவிட்டது. அந்த மக்கள் எந்தச் சாதியிலிருந்தும் விலக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது பின்னாளில் அகராதிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தும், பொருள் மாறவில்லை. தெருநாய்க்கும், சென்னை வானில் வட்டமிடும் கரும்பருந்துக்கும்கூட வெள்ளைக்காரர்கள் இதையே அடைமொழியாகச் சூட்டினார்கள்.

இலக்கியத்தில் இச்சொல்லுக்குக் கிடைத்த வாழ்வு வேறு. பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டன் த சான்-பியேர் 1791-இல் எழுதிய கதையில், உண்மையைத் தேடி இந்தியாவெங்கும் அலையும் ஆங்கில அறிஞர், பண்டிதர்களிடம் கிடைக்காத விடையை இம்மக்களுள் ஒருவரின் குடிசையில் கண்டடைகிறார். 1821-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரரான காசிமிர் டெலவீன் இதே பெயரில் நாடகம் எழுதினார். ஜெர்மன் கவிஞர் கதே மூன்று கவிதைகளை இதே தலைப்பில் கோத்தார். யூதர்களின் சமூக நிலையை விளக்க ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இச்சொல்லை எடுத்தாண்டார். 1944-இல் யூத அரசியல் சிந்தனையாளர் அன்னா அரெண்ட் அதைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்து, கவிஞர் ஹைனேயையும் எழுத்தாளர் காஃப்காவையும் நடிகர் சார்லி சாப்ளினையும் விலக்கப்பட்டவர்களின் மரபில் சேர்த்தார். நம் சேரியைக் கண்ணால் காணாத இத்தனை பேர் அதன் பெயரை உவமையாக்கினார்கள் என்பதில் எனக்கு வியப்பும் உண்டு, எரிச்சலும் உண்டு.

இந்தச் சென்னையில் அது உவமையாக இருக்கவில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்த தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் இங்கே தொடங்கிய இதழுக்குத் துணிந்து 'பறையன்' என்றே பெயரிட்டார்; அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசர் அப்பெயரை ஏற்காமல், 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற இதழை நடத்தினார். ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்த வழக்கை எத்தனை முறை நினைத்தாலும் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு முடிவாவதில்லை. 1922-இல் சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் இப்பெயருக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. ஆங்கிலச் செய்தித்தாள்கள் இச்சொல்லை இன்றுவரை கவலையின்றி எழுதுகின்றன.

ரகரம் மாற்றியதால் தப்பிவிடலாம் என்று எண்ணாதே. சென்னைப் பேச்சில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு ஏறக்குறைய இல்லை. உன் கட்டுரையை ஒருவர் உரக்கப் படித்தால், கேட்பவர் காதில் பழைய சொல்தான் விழும். 'உலகம் ஒதுக்கிவைத்த நாடு' என்று திருத்தியிருக்கிறேன். நீளம்தான், ஆனால் மூலத்தில் உள்ள பொருள் முழுவதும் வந்துவிடுகிறது, யாருடைய பெயரும் அதில் இல்லை.

அன்னா அரெண்ட் கட்டுரையைத் தமிழில் செய்யும் எண்ணம் இருப்பதாகச் சொன்னாய். அங்கே மட்டும் இந்தத் திருத்தத்தைப் பின்பற்றாதே. சொல்லை வல்லின றகரத்தோடு தலைப்பிலேயே வைத்து, அது எங்கிருந்து போனது என்பதை முதல் பக்கத்தில் அடிக்குறிப்பாக எழுது. குறிப்பு நீண்டாலும் நான் வெட்டமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய மெய்ப்புத் திருத்துநர்