பொதுப்பணித்துறை கட்டட இன்ஜினியர்களுக்கு ஒரு திறந்த மடல்: மரத்தை முட்டு கொடுக்க மட்டும்தான் வச்சிருக்கோமா?

வணக்கம் சார், மேடம்,

சின்ன அரசு கட்டடத்துல கூரைக்கு மரம் போடுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல். கான்கிரீட் தளம் போடுற எந்த சைட்டுக்கு வேணா போய் பாருங்க, அடியில வரிசையா சவுக்கு கம்பு முட்டு கொடுத்து நிக்கும், நாலஞ்சு வருஷம் வளர்ந்த மரம், நாலு சைட் பார்த்து விரிசல் விட்டதும் அடுப்புக்கு போயிடும், அது காத்துல இருந்து இழுத்து வச்ச கார்பன் புகையா திரும்பிடும். மேல இருக்கிற சிமெண்டோ, உலகத்துல வெளியாகுற கார்பன் டை ஆக்சைடுல சுமார் 8 சதவீதத்துக்கு காரணம், அதுல பாதிக்கு மேல சுண்ணாம்புக்கல்லை சுடும்போது கல்லுல இருந்தே வர்றது, ஆலைக்கு சோலார் போட்டாலும் அது நிக்காது.

உலர்ந்த மரத்துல எடைக்கு பாதி கார்பன். 35 கன அடி தேக்கு உத்தரமா மேல உக்காந்தா 1 டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு அங்கயே கிடக்கும், கட்டடம் நிக்கிற வரைக்கும். ஆனா வெட்டுன இடத்துல திரும்ப நட்டா மட்டும்தான் இந்த கணக்கு செல்லும், காட்டு மரம்னா பேச்சே வேணாம். நான் சொல்றது வரப்புல, தோப்புல வளர்ற தேக்கு. மத்திய பொதுப்பணித்துறையே கட்டடத்துல மரம் போடக்கூடாதுன்னு 1993-ல போட்ட தடையை 2020-ல எடுத்துட்டாங்க.

கரையான்னு சொல்வீங்க, நியாயம்தான். 15, 20 வருஷ தோப்பு தேக்குல வைரம் (நடுவுல இருக்கிற கெட்டிப் பாகம்) கம்மி, வெள்ளை (வெளிப்பக்க மரம்) ஜாஸ்தி, அத அப்படியே மாட்டுனா அரிச்சிடும். அதுக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல்ல நல்லா ஊற வச்சு காய வைக்கணும் (கழிவு ஆயில் அடிக்கிறதெல்லாம் வைத்தியமே இல்ல). தீ பத்தி கேட்டா, தடி உத்தரம் மேல கருகுமே தவிர ஓலை மாதிரி குப்புனு பத்தாது, இருந்தாலும் 2004 கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்துக்கு அப்புறம் ஸ்கூல்ல மரக்கூரைன்னா எந்த பெத்தவங்களும் ஒத்துக்க மாட்டாங்க, கேக்கவும் கூடாது.

அதனால அடுக்குமாடி வேணாம், நார்வேல மரத்துலயே 18 மாடி கட்டிட்டாங்கன்னு இங்க அவசரப்படவும் வேணாம். தரைத்தளம் மட்டும் இருக்கிற ஒரு கிளை நூலகம், ஓட்டுக்கூரை, மர உத்தரம், கைமரம், அவ்வளவுதான். திரும்ப நட்டதுக்கு ஆதாரம் வேணும்னு டெண்டர்லயே எழுதுங்க, மருந்து ஏத்துன தோப்பு மரத்துக்கு கன அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டையும் தெளிவா போட்டுடுங்க, ரேட் சரியில்லாத ஐட்டத்த எந்த கான்ட்ராக்டரும் தொட மாட்டார்.

இப்படிக்கு,
வரப்புல தேக்கு வச்சிருக்கிற ஒருத்தன்