தம்பிக்கு, பூனை வருவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போன் செய்தபோதே இதையெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாய், பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் நின்று "பாட்டி, நம்ம வீட்டுக்குப் பூனை வரப்போகுது!" என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழ வேண்டாத ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அவர்கள் தூங்கிய பிறகு நீயும் மருமகளும் உட்கார்ந்து படியுங்கள்.

உன் இடது மணிக்கட்டில் கோடு மாதிரி ஒரு தழும்பு இருக்கிறதே, அதைப் பற்றி நீ கேட்கும்போதெல்லாம் "சின்ன வயசில் பூனை கீறினது" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவேன்.

1993. உனக்கு நான்கு வயது. தோ பாயோ வீட்டில் இருந்தோம். சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில், 1989இலிருந்தே பூனை வளர்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனாலும் புளோக் கீழே மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை அப்பா துண்டில் சுற்றித் தூக்கி வந்துவிட்டார். சாம்பல் நிறம், உள்ளங்கையில் அடங்கிவிடும். உனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், எனக்கும்தான். ஈரத்தைத் துடைத்த கையோடு அதை உன் மடியில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். டிவி ஒரு பக்கம் ஓடுகிறது, எல்லாரும் கத்துகிறார்கள். குட்டியின் காதுகள் பின்னால் மடிந்து தலையோடு ஒட்டிப் போயிருந்தன. அதை நான் பார்த்தேன். என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை. அது இறங்கி ஓடப் பார்த்தது, நீ வாலைப் பிடித்தாய். அவ்வளவுதான்.

ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாளே அப்பா குட்டியைத் தன்னோடு வேலை செய்த ஒருவரின் தரைவீட்டில் கொண்டுபோய் விட்டார். அன்று இரவு நீ கேட்டாய்: "அம்மா, என்னாலயா பூனை போயிடுச்சு?" நான் சொன்னேன்: "ஆமா, வாலைப் பிடிச்சு இழுத்தா இருக்குமா?" நீ ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அந்தச் சின்ன முதுகு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

தம்பி, அது உன்னால் போகவில்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பயந்து நடுங்கிக்கொண்டிருந்த உயிரைத் தூக்கி உன் மடியில் வைத்தது நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், அம்மாவை மன்னித்துவிடு.

உன் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு இரவு வரக்கூடாது.

கீழே பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கும் அந்த அம்மாவிடமிருந்து ஐந்து வயதுப் பூனையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாய். அதுதான் சரி. குட்டிதான் வேண்டும் என்று பெரியவள் அழுதாலும் மாற்றிக்கொள்ளாதே. சின்னவனுக்கு மூன்று வயது. ஆட்களோடு பழகின, நிதானமான பூனைதான் அவனுக்குத் தோது. அதன் இடது காது நுனி வெட்டியிருக்கும், பிள்ளைகள் பார்த்துப் பதறுவார்கள். கருத்தடை செய்த அடையாளம் அது, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், வலித்திருக்காது என்று முன்பே சொல்லி வை.

முதல் சில நாள் வீடு முழுக்கச் சுற்ற விடாதே. கணினி அறையில் சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வை. மணல் தட்டைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைக்காதே. அது பெட்டிக்குள்ளேயே கிடந்தால் கிடக்கட்டும். பிள்ளைகள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், கை நீட்டவும் வேண்டாம். அதற்குப் புது வாசனை, புதுச் சத்தம், லிஃப்ட் ஓசை எல்லாமே பயம்தான்.

இப்போதே ஒரு பொம்மையை வைத்துப் பழக்கு. உள்ளங்கையை விரித்து, தலையிலிருந்து முதுகு வரை ஒரே பக்கமாகத் தடவ வேண்டும். வயிறும் வாலும் தொடக் கூடாத இடம். பெரியவளைத் தரையில் உட்காரவைத்து, மெதுவான குரலில் தமிழ்ப் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல். அவளுக்கும் வாசிப்புப் பழகும், பூனைக்கும் அவள் குரல் பழகும். பூனை தானாக வந்தால் ஒரு விரலை அதன் மூக்குக்கு நேரே நீட்டட்டும். முகர்ந்து கன்னத்தை உரசினால் தடவலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வாலைப் பட்டுப் பட்டென்று அடித்தாலோ காதை மடித்தாலோ கையை எடுத்துவிட வேண்டும். தின்னும்போதும், தூங்கும்போதும், மணல் தட்டில் இருக்கும்போதும் யாரும் கிட்டப் போகக் கூடாது.

சின்னவனையும் பூனையையும் தனியாக விடாதே, வாசலில் பார்சல் வாங்கப் போகிற நேரத்துக்குக்கூட. "தம்பியைப் பார்த்துக்கோ" என்று பெரியவளிடம் சொல்லிவிட்டும் போகாதே. ஏதாவது நடந்தால் பழி அவள் தலையில் விழும், அவளுக்கு வயது ஆறுதான். அப்படியே கீறிவிட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு, கடித்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போ. ஆனால் பிள்ளையையும் திட்டாதே, பூனையையும் திட்டாதே. "அதுக்குப் பயமாயிடுச்சு, நாம கொஞ்சம் தள்ளியிருப்போம்" என்று மட்டும் சொல்.

அப்புறம், சாப்பாடு. பூனை என்றால் பால் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றைக் கலக்கிவிடும். மீன் குழம்பில் பிசைந்த சோற்றை ஊட்டிவிடப் போகிறார்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தையே கெடுக்கும். காய்ச்சலுக்குப் போடும் பனடால் ஒரு மாத்திரை போதும், பூனையின் உயிர் போய்விடும், மேசையில் வைக்காதே. லில்லிப் பூவை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். மருமகள் சாமிக்கு வைக்கும் மல்லிகையால் ஒன்றும் இல்லை. பெரியவளின் ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடு, விழுங்கினால் குடலில் சிக்கிக்கொள்ளும்.

உன் வீடு பன்னிரண்டாவது மாடி. பூனை எப்படி விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்பதை நம்பாதே. எல்லா ஜன்னலுக்கும் வலை போட்ட பிறகுதான் பூனை வாசற்படி ஏற வேண்டும். சின்னவன் வேறு ஜன்னல் கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

நல்லவேளை, எங்களைப் போல நீ ஒளித்து வளர்க்க வேண்டியதில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்கலாம். மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம். உரிமத்துக்கு முன்னால் இணையத்தில் ஓர் இலவச வகுப்பு இருக்கிறது, அதை மருமகளோடு சேர்ந்து முடித்துவிடு.

வலை போடும் ஆள் சனிக்கிழமை வருவதாகச் சொன்னாயே, நான் காலையிலேயே பொங்கோலுக்கு வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெட்டிக்குள் விரிக்க அப்பாவின் பழைய துண்டு ஒன்றைத் துவைத்து வைத்திருக்கிறேன். நல்ல பெரிய அட்டைப்பெட்டி இருந்தால் எறிந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா