ஆண்டறிக்கை: தையும் மாசியும் இல்லத்துப் பிள்ளைகளோடு

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கலில் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். வைத்த மரக்கன்றுகளில் பாதி பிழைத்திருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை நான் தை, மாசி இரண்டு மாதத்துக்கே எடுத்துக்கொள்கிறேன், நம் தருமபுரி சங்கம் இதுவரை செய்யாத வேலையை அப்போதுதான் செய்தோம்.

நாம் வருடக்கணக்காகப் போய்வரும் குழந்தைகள் இல்லத்தில் பொங்கல் முடிந்த வாரம் ஒரு பையனுக்குச் சின்னம்மை போட்டது. அவனைத் தனியாகப் படுக்க வைத்தார்கள். இரண்டு வாரம் வேறு யாருக்கும் எதுவும் இல்லை. சரி, அதோடு போயிற்று என்று நினைத்து, ஏற்கெனவே தேதி குறித்திருந்த விளையாட்டு விழாவை அங்கே நடத்திவிட்டோம். நடத்தியிருக்கக் கூடாது. அம்மைக் கிருமி உடம்பில் புகுந்து கொப்புளமாகத் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும், தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்றும். விழாவுக்கு மறுநாள் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்றாக எழும்பியது, பதினைந்து நாள் கழித்து நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக் குழந்தைக்கும் வந்தது. தேதியைத் தள்ளிவைக்கலாமே என்று சொன்னவர்களைச் சமாதானப்படுத்தியது நான்தான். அந்தத் தவறு என்னுடையது, அவர்களிடம் இந்தக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒன்பது பிள்ளைகளுக்கு எழும்பிய அன்று இரவு இல்லத்து வார்டன் அம்மா போன் செய்தார். "பணம் வேண்டாம் சார், ஆள் அனுப்புங்க." இருந்த இரண்டு ஆயாக்களில் ஒருவருக்கு அம்மை வந்ததே இல்லை, பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும் என்று டாக்டர் அவரை விலகி இருக்கச் சொல்லிவிட்டார். சின்ன வயதில் அம்மை போட்டவர்கள் யார் யார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்குப் பதினொரு பேர் கை தூக்கினார்கள். கர்ப்பமாக இருந்த ஒரு உறுப்பினரும் வருகிறேன் என்றார், கூடவே கூடாது என்று தடுத்தோம். அவர் வீட்டிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி மோர் கரைத்துத் தினமும் கொடுத்தனுப்பினார். வாயெல்லாம் புண்ணான பிள்ளைகளுக்கு அதுதான் இறங்கியது.

வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நகம் வெட்டுவது, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவது, கலமைன் தடவுவது, காய்ச்சலுக்கு எடை பார்த்துப் பாராசிட்டமால் கொடுப்பது (ஆஸ்பிரின் மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது), ராத்திரி தூக்கத்தில் சொறியும் கையைப் பிடித்துக்கொள்வது. வேப்பிலை விஷயத்தில் டாக்டர் சண்டை போடவில்லை. வாசலில் கட்டுங்கள், படுக்கையில் போடுங்கள், கொப்புளத்தின் மேல் மட்டும் அரைத்துப் பூச வேண்டாம் என்றார். கேட்டில் வேப்பிலைக் கொத்தைப் பார்த்தால் நம் ஊரில் யாரும் உள்ளே வர மாட்டார்கள், எந்த போர்டும் அந்த வேலையைச் செய்திருக்காது.

ஒரு ராத்திரி ஆயா வழக்கம்போல, "அம்மா வந்திருக்கா, மூணு தண்ணி ஊத்தினா போயிடுவா" என்றார். ஆறு வயசுப் பெண் ஒருத்தி சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "எங்க?" என்று கதவைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த நம் உறுப்பினருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவள் கையை எடுத்து மடியில் வைத்து, பஞ்சில் மருந்தைத் தொட்டு ஒவ்வொரு கொப்புளமாக வைத்து எண்ணச் சொல்லியிருக்கிறார். நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனாள். மறுநாளிலிருந்து அந்த அறையில் கொப்புளம் என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆயாவும்தான்.

மாசியில் இன்னும் ஆறு பேருக்கு வந்தது. சொறிந்து சீழ் பிடித்த ஒரு பையன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். எல்லாருக்கும் பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது.

அரசாங்கம் இலவசமாகப் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசி இந்தச் சின்னம்மையைத் தடுக்காது. பலர் தடுக்கும் என்றே நினைத்திருந்தோம். சின்னம்மைக்குத் தனி ஊசி, இரண்டு தவணை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இதுவரை அம்மை வராத பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டு அதைப் போட, இந்த வருட விழாச் செலவை ஒதுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது, பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். பிறந்தநாள் சாப்பாடு போட வருடம் முழுக்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்காரத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அதற்காக இப்போது ஒரு நோட்டு சுற்றி வரும். பெயர், போன் நம்பர், அம்மை வந்திருக்கிறதா, வாரத்தில் எந்த ராத்திரி வர முடியும், இந்த நான்கையும் எழுதுங்கள். பேனா முன் வரிசையில் இருக்கிறது.