மாரியம்மன் கோயில் திருப்பணி முடிஞ்ச கணக்கு – தலைக்கட்டுக்காரவுக பார்வைக்கு

ஊர்ப் பெரியவுகளுக்கும் தலைக்கட்டுக்காரவுகளுக்கும் வெளிநாட்டுல இருக்கற நம்ம பிள்ளைகளுக்கும் கமிட்டி சார்பா வணக்கம். கோயில் திருப்பணி முடிஞ்சு கும்பாபிஷேகமும் ஆச்சு, 48 நாள் மண்டல பூஜையும் போன வெள்ளியோட நிறைவு. வரவு செலவு பைசா விடாம எழுதி மண்டபத்துல ஒட்டியிருக்கு, பில்லு ஃபைல் செயலாளர்கிட்ட இருக்கு, யாரு வேணாலும் புரட்டிப் பாக்கலாம்.

கணக்கு இப்படி இருக்கறதுக்கு தலைவர் சார்தான் காரணம். தொண்டி, கீழக்கரை, மண்டபம்னு கடலோரத்துலயே டிரான்ஸ்ஃபர் ஆகி ஆகி கணக்கு வாத்தியாரா இருந்து 58 வயசுல ரிட்டயர் ஆனாக, கவர்மெண்டு வேலையில இருந்துக்கிட்டு எலக்‌ஷன்ல நிக்க முடியாதுல்ல, அதுக்கப்புறந்தான் எம்எல்ஏவுக்கு நின்னாக. சட்ட மேலவை இருந்த காலத்துல வாத்தியார்மாருக்குன்னே தனித் தொகுதி உண்டு, அவுகளே ஓட்டுப் போட்டு அனுப்புவாக, 1986ல அந்த அவையையே கலைச்சாச்சு, அதனால சார் வெயில்ல வீடு வீடா வந்துதான் ஓட்டுக் கேட்டாக. பாதி வீட்டுல கதவத் திறந்தவன் அவுககிட்ட பிரம்படி வாங்குனவன்தான்.

கமிட்டியில சிலபேருக்கு (எனக்குந்தான்) ஆரம்பத்துல ஒரு நெனப்பு, இப்ப சார்தான் எம்எல்ஏ, நம்ம ஊரு, தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, அதுல கொஞ்சம் கோபுரத்துக்குத் தள்ளிவிட மாட்டாகளான்னு. போயி கேட்டோம். கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, எதுக்குமே அந்தக் காசத் தொட விதி கிடையாதுப்பான்னு பட்டுன்னு சொல்லிட்டாக. கோவம் வந்துச்சு, மறைக்கல. மறுநாள் ஒரு மாச பென்சன கொண்டாந்து முதல் ரசீது போடச் சொன்னாக. அப்புறம் எங்க கோவப்படுறது.

வேலை இழுத்ததுக்கு மீன்பிடி தடைக்காலமும் ஒரு காரணம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில கெடக்கும்போது கோயில் வரி கேட்டு எந்த வீட்டு வாசல்ல போய் நிக்க? ஆனா பெரிய இழுவை தண்ணிதான். போன திருப்பணியில நம்ம உப்புக் கிணத்துத் தண்ணியிலயே கான்கிரீட் கலக்கி, கம்பி துருப்பிடிச்சு ஊதி, முன்மண்டபத் தளம் பாளம் பாளமா விழுந்தது ஞாபகம் இருக்கும். அதனால இந்தத் தடவ லாரித் தண்ணி மட்டுந்தான்னு முடிவு. ஒரு நாள் சாயங்காலம் லாரி வரலன்னு மேஸ்திரி கிணத்து மோட்டாரப் போட்டுட்டாரு. சட்டசபை முடிஞ்சு சேது எக்ஸ்பிரஸ்ல விடிய வந்து இறங்குன சார் வீட்டுக்குக்கூடப் போகல, நேரா இங்க வந்து டிரம்முல மிச்சம் இருந்த தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வச்சாக. அவ்வளவுதான். மேஸ்திரியும் அவுக ஸ்டூடண்ட்தான், கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. இடிச்சு மறுபடி போட்ட செலவ கணக்குல தனியா ஒரு லைன்ல காட்டியிருக்கோம்.

உபயதாரர் கல்வெட்டுல அட்டெண்டன்ஸ் மாதிரி அகர வரிசையிலதான் பேரு இருக்கு, சார் சொன்னது, கூடக் குடுத்தவுக பேரு கீழ போச்சேன்னு சங்கடப்படாதீக. வரி பாக்கி இருக்கறவுக பேர இங்க போடல. ரசீது புக்கு சார் வீட்டுத் திண்ணையில இருக்கு.