கொக்கி

அன்புள்ள கயல்,

இங்கே நானும் அம்மாவும் நலம். பனி ஒருவழியாக உருகி முடிந்தது. வழுக்காமல் இருக்க மார்கழியில் வாசல் படியில் போட்ட சரளைக் கல்லை நேற்றுத்தான் பெருக்கி அள்ளினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் சொல்லாதே.

போன ஞாயிறு நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. ஆபீசில் யாரோ நீ எந்தக் கால்பந்து அணியின் ஆள் என்று கேட்டாராம். நம் ஊர் அணியின் பெயரை, "ஹாக்கா" என்று நீ சொன்னதும் அவர் நாக்கை நீட்டித் தொடையைத் தட்டி ஆடிக் காட்டினாராம், நியூசிலாந்து ரக்பிக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் ஆடும் ஹாக்கா நடனம்போல. எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அதுவரை சரி. "சின்ன ஊர் கிளப், உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி முடித்துவிட்டேன் என்றாய் பார், அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. பதினெட்டு வயது வரை இந்த ஊரில் வளர்ந்தவள் நீ. உனக்கு இதையெல்லாம் நான் உட்கார்ந்து சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போனில் சொன்னால் நடுவில் "அப்பா, மீட்டிங்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஃபின்னிஷ் மொழியில் ஹாக்கா என்றால் கொக்கி, கதவில் மாட்டுகிறோமே அது. மாடு மேயும் அடைப்பு நிலத்துக்கும் அதே சொல்தான். இரண்டில் எனக்குக் கொக்கிதான் பிடிக்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கிளப் தொடங்கியது 1934இல். நம் ஊர்ப் பெயரான வல்கேயகோஸ்கி என்றால் வெள்ளை அருவி என்று உனக்கே தெரியும். அந்த நீரோட்டம் இருந்ததால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே காகித ஆலை வந்தது. ஆலை வந்ததால்தான் இது ஊரானது. 1920இல் ருடோல்ஃப் வால்டன் பல ஆலைகளை ஒன்றாக்கி ஒரு பெரிய கம்பெனி அமைத்தார். போர்க் காலத்தில் ஃபின்லாந்தின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜெனரல் இவர்தான். இவருக்குப் பின் மகன் யூசோ வால்டன் வந்தார். ஆலை முதலாளியை இங்கே 'பத்ரூனா' என்பார்கள். நம் பக்கம் 'மொதலாளி' என்று இழுத்துச் சொல்வோமே, அந்த மரியாதையும் பயமும் இந்தச் சொல்லிலும் உண்டு. நாட்டின் கடைசிப் பத்ரூனாக்களில் ஒருவர் என்று யூசோவைச் சொல்வார்கள். மனிதருக்கு விளையாட்டுப் பைத்தியம். காலால் நன்றாகப் பந்து உதைப்பவனுக்கு ஆலையில் வேலை கிடைத்தது. பகலில் ஷிப்டு, மாலையில் பயிற்சி. மைதானத்தின் பெயரே 'தெஹ்தான் கென்ட்டா', அதாவது ஆலை மைதானம்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கண் பளபளக்கும். நாற்பது வருஷம் ஆலையில் இருந்தவர். எனக்கு ஒரு பக்கம் அது புரிகிறது, இன்னொரு பக்கம் உறுத்துகிறது. சம்பளம் கொடுப்பவரும் பத்ரூனாவே, வீடு கொடுப்பவரும் அவரே, ஞாயிற்றுக்கிழமை நீ கைதட்டும் அணியும் அவருடையதே என்றால், அவரை எதிர்த்து ஒரு வார்த்தை எப்படிப் பேசுவது? ஒருமுறை இதைத் தாத்தாவிடம் கேட்டேன். "பேசினோமே" என்றார். "பேசிவிட்டு மேட்ச்சுக்குப் போனோம்."

ஆனால் பலன் கண்கூடு. ஃபின்லாந்துக் கோப்பை என்ற போட்டி முதன்முதலில் நடந்தது 1955இல். அதை வென்றது ஹாக்கா. நாட்டின் சாம்பியன் பட்டம் 1960, 1962, 1965இல். யூசோ வால்டன் 1969இல் பதவியை விட்டு இறங்கும்போது அலமாரியில் மூன்று பட்டங்களும் ஐந்து கோப்பைகளும் இருந்தன. அவர் போனபின் எல்லாம் போய்விடும் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். 1977இல் பட்டம், கோப்பை இரண்டையும் ஒரே ஆண்டில் எடுத்தார்கள்.

இனிமேல்தான் உன் ஆபீஸ்காரர்களுக்கு நீ சொல்ல வேண்டியது வருகிறது. 1982இல் கோப்பை வென்றதால் அடுத்த சீசனில் ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்கள் போட்டிக்குப் போனார்கள். முதல் சுற்றில் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸ், அடுத்து ஸ்வீடனின் ஹம்மர்பி, இரண்டு பேரையும் வெளியேற்றிவிட்டுக் காலிறுதிக்கு வந்தால் எதிரே யார் தெரியுமா? யுவெண்டஸ். பிளாட்டினி, பாவ்லோ ரோசி, போனியெக் என்று உலக நட்சத்திரங்கள் எல்லோரும் இருந்த இத்தாலியின் யுவெண்டஸ். இருபதாயிரம் பேர் வாழும் காகித ஊரிலிருந்து போன அணிக்கு எதிரே அவர்கள்.

அதிலும் ஒரு கூத்து. ஆட்டம் 1984 மார்ச்சில். மார்ச்சில் இங்கே மைதானம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஹாக்கா தன் 'சொந்த மண்' ஆட்டத்தை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் போய் ஆடியது! கடைசி நிமிடம் வரை கோல் விழவில்லை, கயல். கடைசியில் ஒன்று விழுந்தது. 0-1. அப்புறம் டூரினில் ஆடியதிலும் 0-1தான். அந்த ஆண்டு கோப்பையை வென்றது அதே யுவெண்டஸ், இறுதி ஆட்டத்தில் போர்ட்டோவை 2-1 என்று தோற்கடித்து. நம் ஆட்கள் அவர்களிடம் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து வாங்கியது இரண்டே கோல். அந்த அணியின் கோல்கீப்பர் ஒல்லி ஹுட்டுனென். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்.

1995இல் மறுபடி பட்டம். அடுத்த ஆண்டே, நடப்புச் சாம்பியனாக இருந்துகொண்டே, இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது இன்றும் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் 1997இல் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டே ஃபின்லாந்துக் கோப்பையை வென்றார்கள். மேலே ஏறி வந்ததும் 1998, 1999, 2000 என்று வரிசையாக மூன்று பட்டம். பயிற்சியாளர் கீத் ஆர்ம்ஸ்ட்ராங், இங்கிலாந்துக்காரர். நாம் இங்கே வந்து இறங்கியது 1999இல். தாம்பெரேயில் வேலை, வாடகை குறைவு என்று முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இந்த ஊர். நாங்கள் சாம்பியன் ஊரில் குடியேறினோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆலைப் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. அம்மா மூக்கைப் பொத்தியதைப் பார்த்துத் தாத்தா சொன்னார், "இது பணத்தின் வாசனை" என்று. காகித ஊர்களில் எல்லோரும் சொல்வதுதான் அது.

2001 உனக்கு நினைவிருக்கிறதா? ஆறு வயது. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் இஸ்ரேலின் மக்காபி ஹைஃபாவிடம் ஹாக்கா களத்தில் தோற்றது. ஆனால் அவர்கள் தடையில் இருந்த ஒரு வீரரை இறக்கிவிட்டார்கள் என்று அந்த ஆட்டத்தை 3-0 என ஹாக்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். காகித ஊர்க்காரர்கள் காகிதத்தில் ஜெயித்தார்கள் என்று அன்று நான் ஒரு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சுற்றில் எதிரணி லிவர்பூல். மூவாயிரத்துச் சொச்சம் பேர் உட்காரும் ஆலை மைதானம் எங்கே போதும்? ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கத்தில் வைத்தார்கள். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். நம் நாட்டு அணி ஆடுகிறது, சுற்றிலும் லிவர்பூல் சிவப்பு! 0-5. மைக்கேல் ஓவன் மட்டும் மூன்று கோல். ஒன்று சாமி ஹூப்பியா அடித்தது. அவர் ஃபின்லாந்துக்காரர் என்பதால் அதற்கு மட்டும் எல்லோரும் கைதட்டினார்கள். நீ என் காதைப் பிடித்து இழுத்து, "நாம ஜெயிச்சிட்டோமா?" என்று கேட்டாய். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மக்காரா சாசேஜ் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

ஹூப்பியா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் லிவர்பூலுக்கு முன், ஹாலந்துக்கும் முன், ஆடியது மூபா என்ற கிளப்பில். மூல்லிகோஸ்கி என்ற இன்னொரு காகித ஊரின் அணி அது. ஃபின்லாந்தின் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான லித்மானெனும் ஹாலந்தின் ஆயாக்ஸுக்குப் போகும் முன் 1992இல் அங்கேதான். 1993இலிருந்து நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இரண்டாம் இடம், பாவம். 2005இல் ஒருவழியாகச் சாம்பியன். 2011 கடைசியில் அந்த ஆலையை மூடினார்கள். 2015இல் மூபா முதல் பிரிவிலிருந்தே விலகியது. பிறகு கீழ்ப் பிரிவுகளில் ஆட வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி வந்த அன்று இந்த ஊர்க் கடையில் யாரும் உரக்கப் பேசவில்லை. நம் ஆலை இன்னும் ஓடுகிறது. ஸ்டிக்கர் லேபிளுக்கான தாள் செய்கிறார்கள். ஆனால் பத்ரூனா காலம்போல் ஊரையே மடியில் வைத்துக்கொள்ளும் ஆலை இப்போது எங்கும் இல்லை. கிளப் தன் காலில் நிற்க வேண்டியதுதான்.

2004இல் ஒன்பதாவது பட்டம். பயிற்சியாளர் யார்? யுவெண்டஸ் முன் நின்ற அதே ஒல்லி ஹுட்டுனென். அடுத்த ஆண்டு பன்னிரண்டாவது கோப்பை. ஒன்பது பட்டம் என்பது ஹெல்சிங்கியின் எச்ஜேகேவுக்கு அடுத்த வரிசை. அதே ஹெல்சிங்கியின் எச்பிஎஸ்ஸுக்கும் ஒன்பது உண்டு, ஆனால் அவர்களின் கடைசிப் பட்டம் 1957இல். தலைநகர் அணிகளுக்கு நடுவே இந்த ஊர்! இதையும் உன் ஆபீஸில் சொல்.

அப்புறம் 2012. இதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அந்த ஆண்டு என் வேலை போனது. தாம்பெரேயில் பலருக்கும் போனது. நீ பள்ளி இறுதியில் இருந்தாய். காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன், நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹாக்காவும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த சீசன் முழுக்கத் தாத்தாவும் நானும் ஆட்டத்துக்குப் போனோம். அவர் என் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வசந்தத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. ஹாக்காவுக்கு ஏழு சீசன் பிடித்தது. அந்த ஏழிலும் நாங்கள் இருவரும் அதே பெஞ்சில்தான்.

2019இல் மேலே ஏறினார்கள். பயிற்சியாளர் தேமு தைனியோ. பையனாக இங்கே ஆடி, 1997இல் பிரான்ஸின் ஓக்ஸேருக்குப் போய், பிறகு இங்கிலாந்தின் டாட்டன்ஹாமில் ஆடியவர். ஒல்லி ஹுட்டுனென் திரும்பினார், தைனியோ திரும்பினார். கொக்கி என்ற பொருள்தான் எனக்குப் பிடிக்கும் என்றேனே, இதனால்தான். உன்னைத் திரும்பி வா என்று இழுக்கவில்லை, பயப்படாதே. ஹாலந்தின் ஐந்தோவனில் உனக்கு நல்ல வேலை, அங்கேயே இரு.

அந்த நாக்கு நீட்டும் மனிதரிடம் யுவெண்டஸ் கதையை மட்டுமாவது சொல். ஸ்ட்ராஸ்பூர்க் பகுதியை விட்டுவிடாதே, அதுதான் ருசி.

ஜூலையில் வருகிறாய் அல்லவா? ஆட்டம் இருக்கும் வாரமாகப் பார்த்து டிக்கெட் போடு. தாத்தாவுக்கு எண்பத்தாறு ஆகிறது. முழங்கால் ஒத்துழைக்காததால் மேல் படியில் ஏற முடியவில்லை, இந்த சீசனிலிருந்து கீழ் வரிசைக்கு மாறிவிட்டோம். மூன்றாவது இடத்துக்கும் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உன் பழைய ஸ்கார்ஃபை அம்மா துவைத்துவிட்டாள். கொஞ்சம் சுருங்கிவிட்டது.