நாலு நாற்காலி

ராயபுரம், சென்னை – 13
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கோலி,

கடிதம் கிடைத்தது. உங்கள் பல்கலைக்கழகத்தில் நீ கண்காணிப்பாளர் ஆகிவிட்டாய் என்று படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. வியாசர்பாடி மைதானத்தில் கோல் கம்பத்தில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே கோல் வாங்கியவனுக்குக் கீழே இப்போது ஒரு செக்‌ஷன்! வாழ்த்துகள்டா. வீட்டில் சொன்னேன், அவளுக்கும் சந்தோஷம்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் கிடைக்கிற கொஞ்சம் மீனுக்கும் தங்க விலை சொல்கிறார்கள். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் நாலு இளநிலை உதவியாளர்கள் புதிதாகச் சேர்கிறார்கள், பத்து வருஷமாகப் புது முகமே பார்க்காத செக்‌ஷன், எப்படிச் சமாளிப்பது என்று எழுதியிருந்தாய். சமாளிப்பது என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு என் முதல் நாள் ஞாபகம் வந்துவிட்டது.

1996-இல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, எங்கள் கண்காணிப்பாளர் பணியேற்பு அறிக்கையை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் "அங்க போய் உக்காரு" என்றார். அங்கே மேசை இருந்தது, நாற்காலி இல்லை. மதியம் வரை ஒரு இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று கேட்கக்கூட வெட்கம். அது போகட்டும். மேசை டிராயரில் எனக்கு முன்னால் இருந்தவருடைய காகிதங்கள் கிடந்தன. அடுத்தவர் பொருளில் கை வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்தது; நான் தொடவே இல்லை. நாலு மாதம் கழித்து ஒரு பெரியவர் வந்து நின்றார். மகனுக்கு வெளிநாட்டில் வேலை. பட்டம் உண்மையானதுதானா என்று அந்தக் கம்பெனி கேட்ட கடிதத்துக்குப் பதிலே போகவில்லையாம். தேடிப் பார்த்தால் அந்த டிராயரில் மூன்றாவதாக இருந்தது. பையனுக்கு அந்த வேலை போய்விட்டது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை எனக்குத்தான் வந்தது. "டிராயரில் இருப்பதெல்லாம் இனி உன் வேலை" என்று ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் போதும்.

இதைச் சொல்கிற நானே இருபத்தேழு வருஷம் கழித்து அதே தப்பைச் செய்தேன். 2023 டிசம்பர் முதல் தேதி ஒரு பொண்ணு எங்கள் பிரிவில் சேர்ந்தாள். எண்ணூர்க்காரி. மூன்றாம் நாளே மிக்ஜாம் புயல். விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று காலை பத்து மணிக்கெல்லாம் வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனதும் டீசல் மாதிரி ஒரு நாற்றம். சுடிதாரின் கீழ் விளிம்பில் விரலளவுக்குக் கறுப்பாகப் பிசுக்கு. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. நல்ல துணி எதுவும் மிஞ்சவில்லை. அம்மாவைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு நேராக வந்திருக்கிறாள். "ஏம்மா, லீவு போட்டிருக்கலாமே?" என்றேன். "புதுசா சேந்தவங்களுக்கு லீவு உண்டா சார்?" என்று கேட்டாள்.

வேலை நிரந்தரமாவதற்கு முந்தின தகுதிகாண் பருவத்திலும் தற்செயல் விடுப்பு உண்டு என்று சேர்ந்த அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு மேசையில் முப்பது கோப்பு. எப்போதுமே முப்பது கோப்பு இருக்கும்டா, அது ஒரு சாக்கு.

அரசுத் துறையில் சேர்பவர்களுக்காவது பவானிசாகரில் பயிற்சி இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் எல்லாம் கண்காணிப்பாளர் தலையில்தான். பதிவாளர் அலுவலகம் ஆணை கொடுக்கும், பணிப்பதிவேடு திறக்கும், அதோடு சரி. மூன்றாம் நாள் அந்த ஆள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறானா, யாரோடாவது சேர்ந்து சாப்பிடுகிறானா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதை நீதான் பார்க்க வேண்டும்.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். உனக்குச் சரிப்பட்டதை எடுத்துக்கொள். ஆணை நகல் கைக்கு வந்ததுமே போன் செய்துவிடுகிறேன். எந்த வாசலில் வரணும், யாரைக் கேட்கணும், அசல் சான்றிதழோடு ஆதார், பான், பாஸ்புக், போட்டோ எல்லாம் எத்தனை நகல் என்று. எங்கிருந்து வருகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவேன். கும்மிடிப்பூண்டி லைனில் வருகிறவன் ஒரு நாள் லேட் என்றால் அது அவன் சோம்பேறித்தனம் இல்லை, கொருக்குப்பேட்டையில் ரயில் நின்றிருக்கும். கம்ப்யூட்டர் லாகினுக்கு முன்கூட்டியே எழுதிவிடு. எங்களிடம் அது வரப் பத்து நாள் ஆகும், அதுவரை புது ஆள் திரையை வெறித்துக்கொண்டிருப்பான். பழைய ஆளின் டிராயரை நீயே நின்று காலி செய். போன தடவை எனக்குக் கிடைத்தவை: காய்ந்த ஸ்டாம்ப் பேட், பாதி பிஸ்கட் பாக்கெட், பதில் போகாத ஏழு கடிதம்.

முதல் நாள் கோப்பு கொடுக்காதே. கூட நட. தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, தேர்வுப் பிரிவு, டீக்கடை வரை. பெண்களுக்கான கழிப்பறையை ஒரு பெண் ஊழியரை விட்டுக் காட்டச் சொல். பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி அமைத்த புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்ப் பட்டியல் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதையும் அப்போதே காட்டிவிட வேண்டும். பிறகு சொல்லலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது.

நம் வேலை மொழியே ஒரு தனி மொழி என்பது நமக்கு மறந்துபோச்சு. "இது சிண்டிகேட்டுக்குப் போகணும்" என்றேன் ஒரு தடவை. அந்த எண்ணூர்ப் பொண்ணு, "அது கனரா பேங்கோட சேந்துடுச்சே சார்" என்றாள். செக்‌ஷனே சிரித்தது. அவள் சொன்னது தப்பே இல்லை, சிண்டிகேட் வங்கி 2020-இல் கனராவோடு இணைந்ததுதான். பல்கலைக்கழகத்தை நடத்துகிற ஆட்சிக் குழுவுக்கு அந்தப் பெயர் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்து, அதன் பின்னாலேயே போகச் சொல்கிறேன். ஜன்னலில் ஒரு மாணவன் நீட்டுகிற தாள், தபாலில் எண் வாங்கி, மேசைக்கு வரும் தாள்களைக் குறித்துவைக்கிற தன்பதிவேட்டில் ஏறி, குறிப்பு எழுதப்பட்டு, கையெழுத்தாகி, சான்றிதழாகத் திரும்ப அதே ஜன்னலுக்கு வரும் வரை. நாலு நாள் ஆகும். எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன் தன் மேசையில் கிடக்க விடமாட்டான். கொஞ்ச நாளைக்காவது!

துணைக்கு ஒரு ஆளையும் சேர்த்துவிடு. மூத்தவரைப் போடாதே. புது ஆளுக்கு எது தெரியாமல் இருக்கும் என்பதே அவருக்கு ஞாபகம் இருக்காது. போன வருஷம், அதற்கு முந்தின வருஷம் சேர்ந்தவர்தான் சரி. உன்னிடம் அப்படி யாரும் இல்லை என்றால் பக்கத்துப் பிரிவில் கடன் வாங்கு.

அப்புறம், "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்காதே. எல்லாரும் "இல்லை சார்" என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படித்தானே சொன்னோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, "இந்த வாரம் எது ரொம்பக் குழப்பம்?" என்று கேள். குழப்பம் இருப்பது சகஜம் என்று நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது, வாயைத் திறப்பார்கள். குறை ஏதும் இருந்தால் அங்கேயே சொல்லிவிடு. தகுதிகாண் பருவம் முடிகிற நேரத்தில்தான் ஒருத்தன் தன் குறையை முதல்முதலாகக் கேட்கிறான் என்றால் அது மேலதிகாரியின் லட்சணம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. ஜன்னலில் உட்கார்ந்த பத்தாம் நாள் ஒரு அப்பா விண்ணப்பத்துக்கு அடியில் நூறு ரூபாயை மடித்து வைப்பார். "சந்தோஷமா தர்றேம்மா" என்பார். அந்த நிமிஷத்தில் புது ஆளுக்குக் கை நடுங்கும். திருப்பிக் கொடுத்தால் பக்கத்து மேசைக்காரர் முறைப்பாரோ என்று பயம். என்ன சொல்லித் திருப்பித் தர வேண்டும் என்பதை முன்னாலேயே சொல்லிக் கொடு. நான் "எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, 'பணத்தை மறந்து வச்சிட்டீங்க'ன்னு சொல்லு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வேலை செய்கிறது. இதே மாதிரி, அவர்கள் தெருவில் இருக்கிற பிள்ளைகள் "அக்கா, என் ரிசல்ட்டைப் பாத்துச் சொல்லேன்" என்று வருவார்கள். அதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கட்டும்.

ஜூலை என்பதுதான் எனக்குக் கவலை. சேர்க்கை நேரம். உன்னையும் அறியாமல் நாலு பேரையும் ஜன்னலில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாய். உட்கார வை, ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது எழுப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போ. நவம்பரில் தேர்வு, அப்புறம் முடிவு, அப்புறம் பட்டமளிப்பு விழா என்று வருஷம் எப்படிச் சுற்றுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடு. முழுச் சுற்று பார்க்காமல் நம் வேலை யாருக்கும் பிடிபடாது. கேரம் கிளப்பில் நம்மை மூன்று மாதம் பவுடர் போட மட்டும் விட்டார்களே, அதையும் செய்யாதே. இரண்டாவது வாரத்திலேயே சின்னதாக ஒரு வேலையை முழுசாக அவர்கள் பெயரில் கொடு. செரியன் நகர் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்து வந்தாளே, அவளும் பவுடர் மட்டும் போட்டு ஜெயிக்கவில்லை.

ஒப்பந்தத்தில் வருகிற பிள்ளைகளுக்கும் இதையெல்லாம் செய்டா. அதே ஜன்னல், அதே திட்டு, சம்பளம் மட்டும் கால்வாசி. அவர்களுக்குப் போன் பண்ண யாருக்கும் தோன்றுவதில்லை.

எண்ணூர்ப் பொண்ணு இப்போது தேர்வுப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் அங்கே புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். வழியில் பார்த்தபோது அவனிடம் கேன்டீனைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

தடைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு வா. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் நாமே வஞ்சிரம் எடுத்து வரலாம். அதற்குள் ஒன்று மட்டும் எழுது: நாலு பேருக்கும் நாற்காலி இருக்கிறதா? எண்ணிப் பார்த்தாயா?

அன்புடன்,
உன் பழைய ஃபுல் பேக்