உயில் எழுதப் போகிறேன், மகளே

மார்த்தாண்டம்

மகளே,

"இப்ப எதுக்கம்மா உயில்?" என்று கேட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாச்சு என்று போனை வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே.

உன் அப்பாவோடு இருந்த காலத்தில் நான் எழுதிப் பதிவு செய்த உயிலில் எல்லாம் அவருக்குத்தான். விவாகரத்து ஆனதும் அது தானாகச் செல்லாமல் போய்விடும் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் செய்தால்தான் பழைய உயில் தானாக ரத்தாகும், பிரிந்தால் ஆகாது. (நான் இனிமேல் யாரையாவது கட்டினால் இந்தப் புதிய உயிலும் போய்விடும். சிரிக்காதே.) அதனால் முந்தையதை ரத்து செய்கிறேன் என்று புதியதில் தெளிவாக எழுதுகிறேன். பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் பழையதன் நகல் பதிவு அலுவலகத்தில் கிடக்கிறதே, இதுவும் அங்கேயே இருக்கட்டும்.

பழையதை ரத்து செய்துவிட்டு உயிலே எழுதாமல் விட்டாலும் அப்பாவுக்கு எதுவும் போகாது; உனக்கும் தம்பிக்கும் சமபாதி. சமபாதி என்றால் வீட்டிலும் பாதி, ரப்பர் விளையிலும் பாதி. அவன் பழைய மரத்தை வெட்டிப் புதுக் கன்று வைக்க வேண்டும் என்றாலும் மஸ்கட்டிலிருந்து உன் கையெழுத்து வர வேண்டும். பாகப்பிரிவினை வழக்கு எப்படி இழுக்கும் என்று உன் பெரியம்மா பிள்ளைகளைக் கேள். அதனால் வீடு உனக்கு, விளை அவனுக்கு. விலை பார்த்தால் விளைதான் கூடுதல் பெறும். ஆனால் பால் வெட்ட ஆள் தேடி, மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் கட்டி, அதிலேயே கிடப்பவன் அவன். உனக்கு வருத்தம் இருந்தால் இப்போதே என்னிடம் சண்டை போடு. பிறகு அவனிடம் போடாதே.

வீட்டை மகளுக்கா எழுதுவார்கள் என்று மாமா கேட்டார். உயில் இல்லாமல் அப்பன் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அது என்றது, நம் ஊர் அன்று இருந்த திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டு கிறிஸ்தவர் சட்டம். மகளுக்கும் சம பங்கு கேட்டு மேரி ராய் போட்ட வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. மாமா இன்னும் 1916-இல்தான் இருக்கிறார்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து அவர்களும் போட வேண்டும். தம்பி தன் மனைவியைச் சாட்சியாகப் போடலாம் என்றான். போட்டால் உயில் நிற்கும், ஆனால் அவன் பங்கு போய்விடும். சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ எழுதியது நம்மவர்களுக்குச் செல்லாது. ஆகவே என்னோடு வேலை பார்த்த இளைய டீச்சர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் சாட்சி உயிரோடு இருந்து சொல்ல வேண்டுமே!

அப்புறம், வங்கி டெபாசிட்டில் இன்னும் அப்பாதான் நாமினி. நாமினி பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லைதான், ஆனாலும் வங்கி அவர் கையில்தான் கொடுக்கும். பிறகு நீங்கள் அவரிடம் போய் நிற்க வேண்டும். அதையும் இந்த வாரம் மாற்றுகிறேன்.

உயிலை நிறைவேற்றுபவராக உன் பெயரைப் போடலாமா? சரி என்றால், பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி உன் பெயரை இனிஷியலோடு எழுதி அனுப்பு. ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் அதையும் சொல்.

அம்மா